மஞ்சள் காட்டாத தண்ணீர்

அன்று காலை நாங்கள் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது, தொட்டியில் இருந்த மீன்கள் எல்லாம் மேலே மிதந்துகொண்டிருந்தன.

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே, நோயாளிகளும் கூட வந்தவர்களும் உட்காரும் நாற்காலிகளுக்கு எதிரே, சுவரை ஒட்டி அந்தக் கண்ணாடித் தொட்டி இருந்தது. சில தங்கமீன்கள், கொஞ்சம் கறுப்பு மோலி. காத்திருக்கிறவர்களுக்குப் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று யாரோ வாங்கி வைத்தது. உள்ளே விளக்கு எரிந்தது. மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அந்தத் தொட்டியில் அப்படி ஒரு தெளிந்த தண்ணீரை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

என் கணவர் ராஜேந்திரன் தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். உள்ளே போய் எடை பார்க்க வேண்டும், மெஷினில் உட்கார வேண்டும். அவர் நகரவில்லை.

"யாரும்மா தண்ணி மாத்துனது?" என்றார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா பயந்துபோய் எழுந்தார். "நாந்தாங்க சார். நேத்து லீவுதானேன்னு கல்லையெல்லாம் நல்லா அலசிக் கழுவி, புதுத் தண்ணி புடிச்சி ஊத்துனேன். சோப்புகூட போடல சார்."

"எந்தத் தண்ணி?"

"கொழாத் தண்ணிதான். நல்ல தண்ணி."

"முழுசாவா மாத்துனீங்க?"

"அழுக்கா இருந்துச்சே சார்."

அவர் தண்ணீரில் விரலை நனைத்து முகர்ந்தார். பிறகு என் மூக்கருகே நீட்டினார். பிளீச்சிங் பவுடர் வாடை. மழைக்காலம். வாந்தி பேதி வந்துவிடக் கூடாது என்று ஊருக்கு விடும் குடிதண்ணீரில் மருந்து கொஞ்சம் ஜாஸ்தியாகவே போடுவார்கள்.

அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "என்னை வேலைய விட்டு அனுப்பிடுவாங்களா சார்?"

"உங்க தப்பு ஒன்னும் இல்ல," என்றார் இவர். "சுத்தமா வெச்சீங்க. அந்தச் சுத்தம் மீனுக்குத் தாங்கல."

போதும்

இந்தத் தொடரில் இதுவரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர் வம்பையெல்லாம் கேட்ட காலம் அது. எழுதவும் சுகமாக இருந்தது. இந்த வாரம் எழுதுவது அப்படிப்பட்டதல்ல. நினைத்தாலே உடம்பு அசந்துபோகிற வருஷங்கள். ஆனால் அதைத் தாண்டிப் போனால் கதை பொய்யாகிவிடும்.

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். ரத்தக் கொதிப்பு இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். கால் வீங்கியபோது செருப்பு சின்னதாகிவிட்டது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டிருந்தன.

எங்களுக்கு இடம் கிடைத்தது சிதம்பரத்தில். திங்கள், புதன், வெள்ளி. விடியும்போதே பஸ் ஏறுவோம். சிப்காட்டைக் கடக்கும்போது அவர் ஜன்னலை மூடிவிட்டு எதிர்ப்பக்கம் பார்ப்பார். கம்பெனிகளின் ரசாயன வாடைக்காக மூடுகிறார் என்று முதலில் நினைத்தேன். வேலைக்குப் போகிறவர்களைப் பார்க்காமல் இருக்கத்தான் என்பது பிறகு புரிந்தது.

போகும்போது பஸ்ஸில் ஒன்றும் தெரியாது. திரும்பி வரும்போதுதான் கஷ்டம். மெஷினிலிருந்து எழுந்தவருக்குத் தலை நிற்காது, என் தோளில் சாய்ந்துகொள்வார். அவர் தூங்கிவிட்டால் நானும் தூங்கிவிடுவேன். ஒருமுறை இருவரும் தூங்கி, மஞ்சக்குப்பத்தையும் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்கே போய்விட்டோம்.

மீன்கள் செத்துக் கிடந்த அந்தத் திங்கட்கிழமை, போகும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டியதும் அவர் சொன்னார்: "சுமதி, போதும்."

"என்ன போதும்?"

"இது. இந்த வாரத்தோட நிறுத்திக்கலாம்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். அப்படி நிறுத்தியவர்களை நாங்கள் பார்த்திருந்தோம். அவர்களுடைய கட்டில் ஒரு வாரம்தான் காலியாக இருக்கும்.

சண்டை போடும் அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற ரோடு வந்தது, போனது. ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுத் தொட்டி

மீன் வளர்ப்பது அவருடைய பழைய பைத்தியம். நோய் வருவதற்கு முன் எங்கள் கூடத்தில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் தொட்டிதான் இருந்தது. டிவி சமையலறை வாசலில் ஸ்டூலின் மேல்.

அவரும் எடுத்தவுடன் கற்றுக்கொண்டவர் அல்ல. ஆரம்பத்தில் வாங்கி வந்த மீன்களைக் குழாய்த் தண்ணீரில் அப்படியே விட்டுப் பறிகொடுத்தவர்தான். கடைக்காரரைத் திட்டிக்கொண்டு போய், நீலக் கலரில் ஒரு சின்ன பாட்டிலோடு திரும்பி வந்தார். குளோரினை முறிக்கிற மருந்து. வாளித் தண்ணீரில் சொட்டு விட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் வைத்து, அதற்குப் பிறகு ஊற்ற வேண்டும். அளவு பாட்டிலிலேயே போட்டிருக்கும். அதைவிட நல்லது, முதல் நாளே தண்ணீரைப் பிடித்து வாயகன்ற டிரம்மில் மூடாமல் வைப்பது. உள்ளே காற்றுக் குழாயைப் போட்டுவிட்டால் வாடை சீக்கிரம் போய்விடும். எங்கள் தெருப் போர்த் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் உப்பு. அதற்கு இந்தக் குழாய்த் தண்ணீரே மேல் என்பார்.

வேறு சட்டங்களும் உண்டு. ஒரே தடவையில் கால்வாசிக்கு மேல் மாற்றக் கூடாது. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் சித்திரையில் கொதிக்கும். அது ஆறி, தொட்டித் தண்ணீரும் அதுவும் மணிக்கட்டுக்கு ஒரே மாதிரி தெரிகிற வரை காத்திருக்க வேண்டும். ஃபில்டரில் இருக்கும் பஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது. அதில் இருக்கும் நல்ல கிருமிதான் மீனின் கழிவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றுகிறதாம். குளோரின் பட்டால் அதுவும் செத்துவிடும். வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை அலசிப் பிழிந்து வைப்பார். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. பிள்ளைக்குக் குளிக்க வெந்நீர் விளாவுகிற பக்குவத்தை அந்த டிரம்மில்தான் பார்த்தேன்.

டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்த பிறகு, அந்தக் கையால் வெயிட் தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். வாளி என் கைக்கு வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். ஆபீஸ், சமையல், பஸ், ஆஸ்பத்திரி, இதோடு மீன். ஒருநாள் வாளியைப் பாதி வழியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை.

"குடுத்துடலாங்களா?" என்று கேட்டேன்.

"குடுத்துடலாம்," என்றார்.

அடுத்த தெரு வாத்தியார் ஒருவர் வந்து எடுத்துப் போனார். கூடத்தில் நீளமாக ஒரு ஈரத் தடம் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்தது. பிறகு ஒருநாள் பஸ்ஸில் 'போதும்' என்றார்.

ஸ்டெல்லாவின் கண்ணாடிக் குழாய்

அன்றைக்குச் செத்த மீன்களைப் பார்த்து மற்ற நோயாளிகள் கலங்கிப்போனார்கள். ஒருவர் கெட்ட சகுனம் என்று வீட்டுக்குத் திரும்பக் கிளம்பிவிட்டார். அந்த இடத்தில் உயிரைப் பற்றிய நினைப்பு எல்லோருக்கும் மனசின் நுனியிலேயே இருக்கும்.

மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் ஸ்டெல்லா வெளியே வந்தாள். சின்னப் பெண், வேலையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. "சார், எடை பாக்க வாங்க," என்று கூப்பிட்டவள், தொட்டியைப் பார்த்ததும் நின்றாள். பிறகு உள்ளே போய், விரல் நீளக் கண்ணாடிக் குழாயும் ஒரு சின்ன பாட்டிலும் எடுத்து வந்தாள்.

தொட்டித் தண்ணீரைக் குழாயில் பிடித்து, பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டாள். தண்ணீர் மஞ்சளானது. இத்தனை நேரம் நின்ற பிறகும் மஞ்சள்.

"இது என்னம்மா?" என்றார் இவர்.

"குளோரின் டெஸ்ட் சார். தெனம் காலைல மெஷினுக்குப் போற தண்ணியில பாப்பேன். மஞ்சள் காட்டுனா மெஷின் ஓட்டக் கூடாது. உங்க ரத்தத்தைக் கழுவுற தண்ணி இல்ல? கரி ஃபில்டர்ல குளோரின எடுத்துட்டு, அதுக்கப்புறம் இன்னொரு ஃபில்டர் தாண்டித்தான் உங்ககிட்ட வருது."

"குளோரின் எடுக்கலன்னா?"

"ரத்த அணுவெல்லாம் ஒடைஞ்சிடும் சார்."

அவர் அந்த மஞ்சள் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஸ்டெல்லா, அடுத்த மீனு வாங்கினா எங்கிட்ட சொல்லச் சொல்லும்மா. தண்ணி நான் பாத்துக்கறேன்."

பிறகு போய் எடை பார்த்தார். மீன் அவரைக் காப்பாற்றிவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'போதும்' என்பதை அதற்குப் பிறகும் சில தடவை சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு, "புதன்கிழம தண்ணி மாத்தணும், அது முடியட்டும்," என்பார். அப்படியே நாள் ஓடியது.

பரங்கிப்பேட்டை பாய்

புது மீன்கள் வந்தன. ஆஸ்பத்திரி மூலையில் ஒரு நீல டிரம் வந்தது. அதன்மேல் 'யாரும் தொட வேண்டாம்' என்று இவரே கரியால் எழுதினார். வாளி தூக்க இன்னொருவர் சேர்ந்துகொண்டார்.

ஹாஜா பாய் பரங்கிப்பேட்டைக்காரர். வளைகுடாவில் வெகு காலம் கடை வைத்திருந்துவிட்டு, நோயோடு ஊர் திரும்பியவர். எங்களுக்கு அடுத்த கட்டில். அவருக்குக் குழாய் தைத்தது வலது கையில். இவருக்கு இடது கையில். எனவே இருவருக்கும் ஆளுக்கொரு கை சும்மா இருந்தது. வாளியின் பிடியில் ஒரு துணியைக் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி வருவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நான் முதன்முதலாக நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

பாய் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். அப்படியானால் இவர் மச்சான். அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

"மச்சான், ஒரு சந்தேகம். நம்ம மெஷினுக்குப் போற தண்ணிதான் இருக்கறதுலயே சுத்தம்ங்குறாங்க. அதுல ஒரு வாளி புடிச்சி ஊத்திட்டா வேலை முடிஞ்சிது. எதுக்கு டிரம்மு, சொட்டு மருந்து?"

"அதுல உப்பு, சத்து ஒன்னும் இருக்காது பாய். வெறுந்தண்ணி. மீனுக்கு அதுவும் ஆகாது."

"அதிகமும் ஆகாது, ஒன்னும் இல்லாமலும் ஆகாது. நம்மளவிட மோசமா இருக்கே இது."

டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் குடிக்கும் தண்ணீர் அளவுதான். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டாக்டர் சொன்னதைக் காலையிலேயே பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு, நாக்கை நனைத்து நனைத்துச் சமாளிக்க வேண்டும். வெயில் காலத்தில் அந்தத் தாகத்தைப் பார்க்கவே முடியாது. பாய் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "நமக்கு அரை டம்ளர், அதுக்குப் பாரு மச்சான், வாய் நெறையத் தண்ணி," என்பார். இவர் சிரிப்பார். சிரித்தால் தாகம் எடுக்கும் என்று உடனே நிறுத்திக்கொள்வார்கள்.

மரம் விழுந்த சாலை

அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்தது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அந்த விடியலைச் சொல்வார்கள். பிய்ந்துபோன தகர ஷீட்டுகள் காகிதம் மாதிரி பறந்தன. காற்று நின்று வெளியே வந்து பார்த்தால், தெருவில் இருந்த எந்த மரமும் நிற்கவில்லை. கரண்ட் கம்பங்கள் வளைந்து கிடந்தன. இளநீர்க் காய்கள் தெருவெல்லாம் உருண்டன. பிள்ளைகள் வெட்டி வெட்டிக் குடித்தார்கள். இவர் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இளநீர் விஷம் மாதிரி. அதில் இருக்கும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

அது வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் நாள். பஸ் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. நான் பார்த்த வேலை போன் வேலை. என் போனே வேலை செய்யவில்லை. ஆட்டோக்காரர்கள் சிப்காட் தாண்டி வர மாட்டோம் என்றார்கள். ரோட்டில் மரம் மேல் மரமாகக் கிடக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்துதான் மூச்சு விட்டார். முகம் ஊதியிருந்தது. நான் விசிறிக்கொண்டே இருந்தேன். அழுகை வரவில்லை, கை வலித்தது, அவ்வளவுதான்.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து ஹாஜா பாய் இறங்கினார். சட்டையெல்லாம் மரத்தூள். அவருடைய மருமகன் ஓட்டி வந்திருந்தான். பின்சீட்டில் ரம்பம், கத்தி, கயிறு.

"போன் போவல தங்கச்சி. அதான் நேர்லயே வந்துட்டேன்," என்றார். "நேத்து நான் போய் மெஷின்ல உக்காந்துட்டேன். மச்சான் வந்தாரான்னு ஸ்டெல்லாகிட்ட கேட்டா, வரலங்குது. எனக்கு ராவெல்லாம் தூக்கம் புடிக்கல."

"உங்களுக்கே முடியாத ஒடம்பு. நீங்க எதுக்கு பாய் வந்தீங்க?"

"மருமவனுக்கு ஒங்க வீடு தெரியாதும்மா. ஏறுங்க, பேச நேரமில்ல."

பாதி மரங்களை மற்றவர்கள் அறுத்து ஒதுக்கியிருந்தார்கள். மீதிக்கு மருமகன் இறங்கி அறுத்தான், நான் கிளைகளை இழுத்துப் போட்டேன். பாய் வேனுக்குள் இவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ், இதோ வந்துட்டோம் மச்சான்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்தைப் போல மூன்று மடங்கு ஆனது.

குடிக்கலாம், ஆனால்

டயாலிசிஸ் பிரிவு வாசலில் கூட்டம். விட்டுப்போன நோயாளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்கள் தயார். ஆனால் ஒன்றுகூட ஓடவில்லை.

சேமித்து வைத்திருந்த தண்ணீர் சனிக்கிழமையோடு தீர்ந்துவிட, குழாயிலும் தண்ணீர் வராததால் டேங்கர் லாரியில் வாங்கி நிரப்பியிருந்தார்கள். புயலுக்குப் பிறகு நோய் பரவாமல் இருக்க அதில் பிளீச்சிங் அள்ளிப் போட்டிருந்தார்கள். ஸ்டெல்லா டெஸ்ட் பார்த்தாள். கரி ஃபில்டரைத் தாண்டி வந்த தண்ணீரும் மஞ்சள். திரும்பப் பார்த்தாள். மஞ்சள்தான். மெஷினைப் போட மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மேலாளர் ஒருபக்கம், "லேசான மஞ்சள்தானேம்மா, ஆளுங்க தவிக்கிறாங்க," என்றார். அம்மாவைக் கூட்டி வந்திருந்த ஒரு வாலிபன் கத்தினான். "மூணு நாளா மூச்சுத் திணறுது எங்கம்மாவுக்கு. மஞ்சளாம், பச்சையாம்! இந்தத் தண்ணியத்தான் ஊரே குடிக்குது. தோ பாரு!" வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு எல்லோர் முன்னாலும் மடமடவென்று குடித்தான். "எனக்கென்ன ஆச்சு? மெஷின போடு!"

கூட்டம் அவன் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்டெல்லாவின் கண் கலங்கியது. ஆனாலும் வழி விடவில்லை.

என் கணவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அங்கே அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் அவர்தான். கையைத் தூக்கினார். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"தம்பி... குடிக்கலாம். குடிச்சா... ஒன்னும் ஆவாது. வயிறு தாங்கும். இது வயித்துக்குப் போற தண்ணி இல்ல. ரத்தத்துக்குப் பக்கத்துல போற தண்ணி."

கொஞ்ச நேரம் மூச்சுக்காக நின்றார்.

"அந்தத் தொட்டியில ஒருநாள் மீனெல்லாம் செத்துக் கெடந்துச்சே... பாத்தவங்க இருக்கீங்களா?"

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

"அதுவும் குடிக்கிற தண்ணிதான். மீனுக்கு செவுள்ல... தோலு அவ்ளோ மெல்லிசு. உள்ள ரத்தம், வெளிய தண்ணி. மெஷின்ல நம்மளும் அப்படித்தான். அந்தப் பொண்ணு சொல்றத கேளுங்க. எனக்குதான் ரொம்ப முடியல. நானே... பொறுத்துட்டு இருக்கேன்."

"அந்த நீல மருந்த நாலு சொட்டு விட்டா சரியாப் போவாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது மீனுக்குங்க. மனுஷனுக்குப் போடக் கூடாது," என்றாள் ஸ்டெல்லா.

அந்த வாலிபன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டான். மேலாளர் வெளியே போய்ப் போன் கிடைக்காமல், ஒரு ஆளை மோட்டார் பைக்கில் அனுப்பினார். ஊருக்கு வெளியே வயலில் ஒரு போர் இருந்தது; மருந்து கலக்காத தண்ணீர். டீசல் எஞ்சினால் இறைத்து லாரியில் வர வேண்டும்.

அந்தக் காத்திருப்பை எப்படி எழுதுவது? ஆக்சிஜன் வைத்தார்கள். அவர் என் கையைப் பிடித்திருந்தார், பிடி தளரும்போதெல்லாம் நான் இறுக்கினேன். தப்பாகச் சொல்லிவிட்டாரோ, லேசான மஞ்சள் பரவாயில்லையோ, இவர் என் கையிலேயே போய்விட்டால் அதற்குப் பிறகு யாரிடம் கேட்பது என்று ஓடியது மனசு.

மதியம் கடந்து லாரி வந்தது. பழைய தண்ணீரை வடித்து, மெஷினுக்கான தொட்டியை அலசி, நிரப்பி, ஃபில்டரில் ஓடவிட்டார்கள். ஸ்டெல்லா கண்ணாடிக் குழாயில் பிடித்து, சொட்டு விட்டு, குலுக்கினாள். நிறம் மாறவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி நாற்காலியாகப் போய் எல்லோருக்கும் காட்டினாள். சுவாமிக்குக் காட்டிய கற்பூரத்தட்டு மாதிரி சிலர் அதைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

முதல் மெஷினில் இவரையும், அடுத்ததில் அந்த வாலிபனின் அம்மாவையும் உட்கார வைத்தார்கள். மூச்சு சீரானது. நான் வெளியே வந்து தரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். என் தலைக்கு அடியில் யாரோ ஒரு பையை வைத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

கடைசியாகப் போனது

அதற்குப் பிறகு கோடை முழுக்க இருந்தார். ஆடி மாதத்தில், டயாலிசிஸ் இல்லாத ஒரு காலையில், முகம் கழுவிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இதயம் என்றார்கள். நான் அடுப்பில் காபிக்குப் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அதை இரண்டு நாள் கழித்துத்தான் துடைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் போனதும் ஸ்டெல்லா போன் செய்தாள். "அக்கா, தொட்டி கலங்கிக் கெடக்கு. பாய்க்கு ஒடம்பு முடியல, வாளி தூக்க வேணாம்னு சொல்லியிருக்கோம். தண்ணி மாத்த இங்க யாருக்கும் தைரியம் வரல."

வீட்டில் அவருடைய ஊசி மருந்துகள் மிச்சம் இருந்தன. வேறு யாருக்காவது ஆகுமே என்று பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தனியாக அந்த வழியில் போனது அதுதான் முதல் தடவை. தூக்கம் வரவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஹாஜா பாய் மெஷினில் இருந்தார், பாதி உடம்பாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில், இவர் படுத்திருந்த கட்டிலில், மீசைகூட அடர்த்தியாகாத ஒருவன் படுத்திருந்தான். புதுசு. ஊசி குத்திய கையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

மருந்துப் பையை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். டிரம்மில் இருந்தது முந்தின நாள் பிடித்த தண்ணீர்; ஸ்டெல்லா வைத்திருந்தாள். தொட்டியிலிருந்து பழைய தண்ணீரைக் கொஞ்சம் இறைத்தேன். வாளியைத் தூக்கும்போது நாற்காலியில் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து வந்து மறுபக்கம் பிடித்தாள். கழுத்தில் புதுத் தாலிக் கயிறு, மஞ்சள்கூட மங்கவில்லை.

"நீங்க ஆஸ்பத்திரிலயே வேலை பாக்குறீங்களாக்கா?"

"இல்லம்மா. எங்க வீட்டுக்காரர இங்கதான் கூட்டியாந்துட்டு இருந்தேன்."

"எங்க வீட்டுக்காரருக்குப் போன வாரந்தான் ஆரம்பிச்சிருக்காங்க. ஸ்ரீமுஷ்ணத்துலேர்ந்து வரோம்." வாளியைத் தொட்டி விளிம்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அவரு சாப்பிடவே மாட்டேங்குறாருக்கா. இனிமே அவ்ளோதான்னு சொல்லிச் சொல்லி அழுவுறாரு. உங்க வீட்டுக்காரரு இப்ப எப்படி இருக்காரு?"

தண்ணீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இப்ப இங்க வர்றதில்லம்மா," என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "வர்றதே இல்லியா?" என்றாள். வாளி காலியானதும் அதைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினாள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. குனிந்து, இவர் கட்டிலில் படுத்திருந்த அந்தப் பையன் காதில் ஏதோ சொல்லி, என் பக்கம் கையைக் காட்டினாள்.

அடுத்த கட்டிலில் இருந்த பாய்க்கும் அது கேட்டிருக்கும். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பையன் தலையைத் திருப்பி என்னைத் தேடினான். ஊசி இல்லாத கையைக் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினான்.

நானும் கையைத் தூக்கினேன்.